ஸ்னோஹெத்தாவின் கட்டடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஸ்லோவுக்கு வரும் உறவினரும் நண்பரும் துறைமுகப் பக்கம் ஒருமுறை நடந்துவிட்டு வந்ததும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அந்த வெள்ளை ஓபரா மாளிகையைக் கட்டியவர் யார், கூரையில் ஏற எப்படி விடுகிறார்கள், அதே நிறுவனம் எகிப்திலும் கட்டியதாமே என்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரும் கேட்கிறார், சென்னையிலிருந்து வந்தவரும் கேட்கிறார். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் இன்னும் கடினமான கேள்விகளோடு வருகிறார்கள். அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைத்திருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களைக் கூடியவரை மாற்றவில்லை.

ஸ்னோஹெத்தா என்பது ஓர் ஆளின் பெயரா, நிறுவனத்தின் பெயரா?

நிறுவனத்தின் பெயர். அந்தப் பெயர் ஒரு மலையிலிருந்து வந்தது. நோர்வேயின் நடுப்பகுதியிலுள்ள டோவ்ரே மலைத்தொடரில் 2,286 மீற்றர் உயரமான ஸ்னோஹெத்தா என்ற சிகரம் இருக்கிறது. 1980களின் இறுதியில் ஒஸ்லோவில் சில இளம் கட்டடக் கலைஞரும் நிலவடிவமைப்பாளரும் ஒரே பணிமனையில் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியபோது, நிறுவனர் எவருடைய பெயரையும் வைக்காமல் மலையின் பெயரை வைத்துக்கொண்டார்கள். கட்டடக்கலை நிறுவனங்கள் பெரும்பாலும் தலைவரின் பெயரில் நடக்கும் உலகில் இது கவனிக்கத்தக்க முடிவு.

அதற்காக முகமே இல்லாத நிறுவனம் என்று நினைக்கவேண்டாம். நோர்வேயரான ஷெத்தில் த்ரேடால் தோர்சன், அமெரிக்கரான கிரெய்க் டைக்கர்ஸ் ஆகிய இருவரும் தொடக்கத்திலிருந்தே அதன் முதன்மை முகங்கள். ஒஸ்லோ அலுவலகம் துறைமுகத்தில் பழைய சரக்குக் கொட்டகை ஒன்றில் இருக்கிறது. நியூயோர்க்கிலும் பெரிய அலுவலகம் உண்டு, வேறு நகரங்களிலும் கிளைகள் இருக்கின்றன.

கட்டடமும் அவர்களே, உள்ளே போடும் கதிரையும் அவர்களே, காசுத்தாளும் அவர்களே என்கிறார்கள். ஒரு நிறுவனம் இத்தனை வேலை செய்யுமா?

செய்கிறது. கட்டடக்கலை, நிலவடிவமைப்பு, உள்ளக வடிவமைப்பு, வரைகலை, பொருள் வடிவமைப்பு ஆகிய எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. நோர்வே மத்திய வங்கி 2017 முதல் வெளியிட்ட புதிய தாள்களின் பின்பக்கத்தை வடிவமைத்தது இந்த நிறுவனம்தான். கடலைக் கருவாகக் கொண்ட அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் சிறு வண்ணக் கட்டங்களாலான கோலம் இருக்கும். மீன் வளர்ப்புப் பண்ணைகளில் கழித்த பிளாஸ்ரிக்கை உருக்கி வார்த்த எஸ்-1500 என்ற கதிரையும் இவர்களுடைய வடிவமைப்பே. ஒரு நோர்வேத் தளபாட நிறுவனத்துடன் சேர்ந்து அதைக் கொண்டுவந்தார்கள்.

இதைப் பல்துறைத் திறமை என்று மட்டும் பாராட்டிவிட்டுப் போவது போதாது என்று நினைக்கிறேன். நிலத்தை வடிவமைப்பவர் முதல் நாளிலிருந்தே மேசையில் இருப்பதால்தான் இவர்களுடைய நல்ல கட்டடங்களில் நிலம் எங்கே முடிந்து கட்டடம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லமுடிவதில்லை. கீழே வரும் பல பதில்கள் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

பெயரே கேள்விப்படாத சில இளைஞர்களுக்கு அலெக்சாந்திரியா நூலகம் எப்படிக் கிடைத்தது?

எகிப்தின் பழங்கால அலெக்சாந்திரியா நூலகத்தின் நினைவாக அதே நகரில் புதிய நூலகம் ஒன்றை அமைப்பதற்கு யுனெஸ்கோவின் ஆதரவோடு 1989இல் பன்னாட்டுப் போட்டி நடந்தது. 500க்கு மேற்பட்ட வடிவமைப்புகள் வந்தன. போட்டிகளில் வரைந்தவரின் பெயரை மறைத்தே நடுவர்கள் பார்ப்பார்கள். ஆகவே பெயர் இல்லாதவர்களுக்கும் பெயர் பெற்றவர்களுக்கும் அங்கே ஒரே அளவுகோல். வென்ற பிறகுதான் ஸ்னோஹெத்தா முறையான நிறுவனமாக எழுந்தது. எகிப்தின் ஹம்சா பொறியியல் நிறுவனத்தோடு சேர்ந்து கட்டிமுடித்து, 2002 ஒக்ரோபரில் திறந்தார்கள். 2004இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

வடிவம் எளியது: 160 மீற்றர் விட்டமுள்ள ஒரு வட்டத் தட்டு, மத்தியதரைக் கடலை நோக்கிச் சாய்ந்து, ஒரு பக்கம் நிலத்துக்குள் இறங்கி, மறுபக்கம் மேலே எழும்பி நிற்கிறது. எழும்பிய பக்கத்தை அஸ்வான் கருங்கல் சுவர் சுற்றியிருக்கிறது. அந்தச் சுவரில் உலகின் 120 எழுத்துமுறைகளைச் சேர்ந்த எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துகளே இருக்கின்றன, வாசகம் எதுவும் இல்லை. எந்த ஒரு மொழியும் சுவரில் ஆட்சி செய்யாமல் இருக்க இது நல்ல வழி.

உள்ளே ஏறத்தாழ 2,000 பேர் அமரக்கூடிய வாசிப்பு மண்டபம் ஒரே வெளியாக, தளம் தளமாகக் கீழிறங்குகிறது. கூரைச் சாளரங்கள் வடக்கு நோக்கியிருப்பதால் எகிப்திய வெயில் நேராகப் புத்தகத்தில் விழுவதில்லை. வெளிச்சம் மட்டும் வடிந்து வருகிறது. வெளியே நின்று வட்டத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்புபவர்கள் இந்தக் கட்டடத்தின் சிறந்த பகுதியைத் தவறவிடுகிறார்கள்.

ஒஸ்லோ ஓபரா மாளிகையின் கூரையில் ஏற அனுமதிச்சீட்டு வேண்டுமா?

வேண்டாம். தண்ணீர் விளிம்பிலிருந்து தொடங்கும் சாய்தளத்தில் நடந்தபடியே கூரை உச்சிக்குப் போகலாம். உள்ளே ஓபரா என்ற இசைநாடகம் நடந்துகொண்டிருக்கும்போது மேலே பிள்ளைகள் ஓடித் திரிவார்கள். யாரும் தடுப்பதில்லை.

நோர்வேயில் காடும் மலையும் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், சேதம் செய்யாமல் அதில் நடந்து செல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. தொன்றுதொட்டு வந்த அந்த வழக்கம் 1957ஆம் ஆண்டுச் சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. ஓபரா என்பது சீட்டு வாங்கக்கூடியவர்களின் கலை என்ற எண்ணம் இங்கேயும் வலுவாக இருந்தது. அரசுப் பணத்தில் அவர்களுக்காக ஏன் கட்டவேண்டும் என்ற வாக்குவாதம் பல காலம் நடந்தது. அதற்கு வடிவமைப்பாளர் கொடுத்த பதில்தான், மலையைப்போல் எல்லோரும் நடக்கக்கூடிய அந்தக் கூரை. சீட்டு வாங்காதவருக்கும் கட்டடத்தின் மிக அழகான பகுதி உரியது. 2000இல் போட்டியில் வென்று, 2008 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஒதுக்கிய பணத்துக்குள்ளேயே, குறித்த காலத்துக்கு முன்பே வேலை முடிந்தது. பொதுக் கட்டடங்களில் இது அரிது. 2009இல் ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோ கட்டடக்கலை விருதும் இதற்கே கிடைத்தது.

எனக்கு ஓபரா விளங்காது. உள்ளே போய் என்ன பார்ப்பது?

முன்மண்டபத்துக்குள் போகவும் சீட்டுத் தேவையில்லை. தயவுசெய்து போங்கள். வெளியே முழுவதும் வெள்ளைக் கல்லும் கண்ணாடியுமாக இருக்கும். சில இடங்களில் 15 மீற்றர் வரை உயரும் அந்தக் கண்ணாடிச் சுவரைக் கடந்து உள்ளே நுழைந்தவுடன் ஓக் மரத்தாலான பெரிய சுவர் ஒன்று வளைந்து எழும்பி நிற்பதைக் காண்பீர்கள். அருகில் சென்று பாருங்கள். தூரத்தில் ஒரே அலையாகத் தெரிந்தது, கைக்கெட்டும் தூரத்தில் ஒல்லியான மரச்சட்டங்களாகப் பிரிந்துவிடும். ஒன்று சற்றே முன்னால், அடுத்தது சற்றே பின்னால், ஒவ்வொன்றும் வேறு அகலம். வளைவான பரப்பைத் தட்டையான பலகையால் மூட முடியாது என்பதால் இந்த வழி. இந்த மேடு பள்ளம் மண்டபத்தில் எழும் இரைச்சலையும் உடைத்துவிடுகிறது.

அந்தச் சுவருக்குப் பின்னால் 1,364 இருக்கைகள் கொண்ட பெரிய அரங்கு இருக்கிறது. வெளிச்சுவரில் வெளிர்நிறமாக இருந்த ஓக் மரம் அரங்குக்குள் கரும்பழுப்பாக மாறிவிடும். சாயம் பூசி வந்த நிறம் அன்று, அம்மோனியாவால் மரத்தையே கறுக்கச் செய்திருக்கிறார்கள். மேலே சுமார் 5,800 கண்ணாடித் துண்டுகளாலான விளக்கு ஒன்று வட்டமாகத் தொங்குகிறது. ஒவ்வோர் இருக்கையின் முதுகிலும் பாடல் வரிகளைக் காட்டும் சிறு திரை உண்டு.

முன்மண்டபத்தில் கழிவறைகளைச் சுற்றி நிற்கும் வெண்சுவர்களையும் கவனிக்கவேண்டும். ஓலாஃபுர் எலியாசன் என்ற கலைஞர் செய்த, துளைகள் நிறைந்த பலகைகள் அவை. பின்னாலிருந்து பச்சையும் வெள்ளையுமாக ஒளி மெதுவாக மாறிக்கொண்டிருக்கும். மேடைக் கோபுரத்தின் அலுமினியத் தகடுகளில் குத்தியிருக்கும் புள்ளிக் கோலம் நெசவுக் கலைஞர் இருவரின் வேலை. கலைப்பொருளைக் கடைசியில் வாங்கிவந்து மாட்டாமல், கலைஞரைக் கட்டட வேலைக்குள்ளேயே அழைத்திருக்கிறார்கள்.

கூரைக் கல் சில இடங்களில் மஞ்சளாக இருக்கிறதே. மழையிலும் பனியிலும் வழுக்காதா?

இரண்டும் நியாயமான குறைகள். கல் இத்தாலியின் கராராவிலிருந்து வந்த வெண்பளிங்கு. நோர்வேயில் நல்ல கருங்கல் இருக்கும்போது வெளிநாட்டுக் கல் எதற்கு என்ற சர்ச்சையும் எழுந்தது. பின்னர் சில பலகைகளில் மஞ்சள் படர்ந்தபோது அந்தச் சர்ச்சைக்கு வலு கூடியது. வடபக்கச் சுவரிலும், கடல் நீர் நேரடியாகத் தொடும் விளிம்பிலும் நோர்வேக் கருங்கல்லையே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

வழுக்கலைப் பொறுத்தவரை, கூரை முழுவதும் ஒரே மாதிரி வழவழப்பாக இல்லை. சில இடங்களில் கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, சில இடங்களில் சிறு படிகள் போல உயர்த்தி வெட்டியிருக்கிறார்கள். அந்த வெட்டுகளைக் கலைஞர் மூவர் வரைந்தார்கள். அழகுக்கும் பிடிமானத்துக்கும் உதவும் அதே உயர்ந்த விளிம்புகள் கவனமில்லாமல் நடப்பவரைத் தடுக்கியும் விடும். வயதானவர்களை உறைபனி நாளில் மேலே கூட்டிக்கொண்டு போகவேண்டாம். சக்கர நாற்காலியில் வருபவருக்கு இந்தச் சாய்வு எளிதல்ல. எல்லோருக்கும் திறந்த கூரை என்ற பேச்சில் இந்தப் பகுதியை விட்டுவிடக்கூடாது.

பக்கத்தில் இருக்கும் முங்க் அருங்காட்சியகமும் நூலகமும் இவர்களுடையவையா?

இல்லை. 2020இல் திறந்த டைக்மன் நூலகமும், 2021இல் திறந்த, ஓவியர் முங்கின் பெயரிலான அருங்காட்சியகமும், பின்னால் வரிசையாக நிற்கும் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களில் பெரும்பாலானவையும் வேறு நிறுவனங்களின் வடிவமைப்புகள். ஆனால் சரக்குப் பெட்டிகளும் பெருந்தெருவும் நிறைந்திருந்த அந்தப் பகுதியில் முதலில் வந்து, மக்களைத் தண்ணீர்க் கரைக்குத் திருப்பியது ஓபரா மாளிகை. பெருந்தெரு 2010இல் கடலுக்கடிச் சுரங்கத்துக்குள் போனது.

இவர்களுடைய கட்டடங்கள் ஒன்றைப்போல் ஒன்று இல்லையே. எப்படி அடையாளம் காண்பது?

தோற்றத்தை வைத்து அடையாளம் காண முயன்றால் ஏமாந்துபோவீர்கள். ஒஸ்லோவில் வெள்ளைச் சாய்வு, அலெக்சாந்திரியாவில் கருங்கல் வட்டம், கனடாவின் கல்கரி நகரில் ரயில் பாதைக்கு மேல் எழும்பிய நூலகம். அந்த நூலகம் 2018இல் திறந்தது. ஓடிக்கொண்டிருந்த நகர ரயில் தடத்தை மூடி, அதன் வளைவை அனுசரித்தே கட்டடத்தை வைத்து, நடுவே தேவதாரு மரப் பலகையாலான வளைவு வாயிலின் ஊடாக இரண்டு பேட்டைகளுக்கு இடையே மக்கள் நடந்துபோக வழிவிட்டார்கள்.

மனிதர் எந்த வழியாக நடந்து வருகிறார், எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். அங்கேதான் ஒற்றுமை தெரியும். நியூயோர்க் ரைம்ஸ் சதுக்கத்தில் இவர்கள் கட்டடமே கட்டவில்லை. 2009இல் வாகனங்களுக்கு மூடப்பட்ட புரோட்வே வீதியின் தரையை மறுபடி அமைத்து, கருங்கல்லில் நீண்ட இருக்கைகளை வைத்தார்கள். தளக்கற்களில் நாணய அளவு உருக்கு வில்லைகளைப் பதித்தார்கள். விளம்பர ஒளி தரையிலும் மின்னும். அதுவும் அவர்களுடைய முக்கியமான வேலைகளில் ஒன்றே.

காட்டு மான்களைப் பார்க்க மலையில் ஒரு கண்ணாடிக் குடில் கட்டினார்களாமே?

2011இல் கட்டியது. நிறுவனத்துக்குப் பெயர் கொடுத்த அதே சிகரத்தை எதிரே பார்த்தபடி, யெர்க்கின் என்ற இடத்தில் நிற்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றரைக் கிலோமீற்றர் நடக்கவேண்டும். வெளியே துருப்பிடித்த நிறத்தில் நேரான இரும்புச் சட்டகம். உள்ளே பைன் மர உத்திரங்களை அடுக்கி, அரித்த பாறை போல் வளைவு வளைவாகக் குடைந்திருக்கிறார்கள். மேற்கு நோர்வேயின் ஹர்டாங்கர் பகுதிப் படகு கட்டுபவர்கள் செய்த வேலை அது. கணினி வரைபடத்தின்படி இயந்திரம் குடைந்தது, இணைத்ததோ மர ஆணிகளால். உள்ளே கணப்படுப்பும் உண்டு. எல்லாவற்றையும் பெரிதாகக் கட்டும் நிறுவனம் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் கட்டடம் இந்தச் சிறு குடில்தான்.

கடலுக்கடியில் உணவகம் என்றால் தண்ணீர் உள்ளே வராதா? அலை அடித்து உடையாதா?

நோர்வேயின் தென்கோடியான லிண்டஸ்னெஸில் 2019இல் திறந்த உணவகம் அது. கடலுக்குள் தோண்டிக் கட்டவில்லை. கரையோரத்தில் தெப்பத்தின் மேல் 34 மீற்றர் நீளமான கொங்கிறீற் குழாயாகவே வார்த்து, உரிய இடத்துக்கு நகர்த்தி, நீரின் எடையால் மெல்ல அமிழ்த்தி, பாறையில் ஊன்றிய அடித்தளத்தோடு முடுக்கினார்கள். சுவர் அரை மீற்றர் தடிப்பு. பக்கங்கள் சற்றே உருண்டிருப்பதால் நீரின் அழுத்தமும் அலையின் அடியும் ஒரே புள்ளியில் குவிவதில்லை. கீழ்முனை நீர்மட்டத்திலிருந்து ஐந்தரை மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே 11 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் உயரமுமான அக்ரிலிக் சாளரம். கொங்கிறீற்றின் வெளிப்பரப்பை வேண்டுமென்றே சொரசொரப்பாக விட்டார்கள். சிப்பிகளும் பாசியும் பற்றிப் படர அது உதவுகிறது.

உள்ளக வடிவமைப்பின் பயனை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு குறைவு. வாசலில் மரம். கீழிறங்க இறங்கக் கூரையில் ஒட்டிய துணியின் நிறம் அந்திவானச் சாயலிலிருந்து ஆழ்கடல் நிறத்துக்கு மாறிக்கொண்டு போகும். விளக்கும் மங்கிக்கொண்டு வரும். உள்ளே ஒளி கூடுதலாக இருந்தால் சாளரம் கண்ணாடி போல் நம் முகத்தையே காட்டும், மீனைப் பார்க்கமுடியாது. கண் இருட்டுக்குப் பழகும்படி படிப்படியாக இறக்கியிருக்கிறார்கள்.

குளிர்காலத்தில் சூரியனையே காணாத நாட்டில் சூரிய மின்சாரத்தால் ஓடும் கட்டடம் என்பது நம்பக்கூடியதா?

துரண்ட்ஹைம் நகரத்தின் பிரட்டெர்கையா அலுவலகக் கட்டடத்தைப் பற்றிய கேள்வி இது. 2019இல் திறந்தது. அங்கே டிசம்பரில் பகல் சில மணிநேரமே, ஜூனில் இரவு இல்லை என்றே சொல்லலாம். ஆகவே கணக்கை ஆண்டுக்குத்தான் பார்க்கவேண்டும். கூரையை தெற்கு நோக்கிச் சாய்த்து, கூரையிலும் மேற்சுவர்களிலும் ஏறத்தாழ 3,000 சதுர மீற்றர் மின்தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் அலகு மின்சாரம் கிடைக்கிறது. சராசரியாகக் கட்டடம் செலவழிப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். மிஞ்சியது அயல் கட்டடங்களுக்கும் மின் பேருந்துகளுக்கும் படகுகளுக்கும் போகிறது. குளிர்காலத்தில் வெளியிலிருந்து வாங்கத்தான் வேண்டும்.

ஆனால் பெருமை தகட்டுக்கு மட்டும் உரியதல்ல. செலவைக் குறைத்ததே முதல் வேலை: காற்றுப் புகாத தடித்த சுவர், வெளியேறும் காற்றின் வெப்பத்தை மீட்டெடுக்கும் அமைப்பு, கடல் நீரைக் கொண்டு சூடாக்கலும் குளிராக்கலும், நடுவே பெரிய துவாரம் விட்டு உள்ளறைகளுக்குப் பகல் வெளிச்சம். கட்டுமானப் பொருள் செய்ய ஆன சக்தியையும், ஒருநாள் இடிக்கும்போது ஆகும் சக்தியையும் கட்டடம் தன் ஆயுளில் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதே இலக்கு. 1980களில் கட்டிய அலுவலகங்களை இடிக்காமலே இந்த இலக்குக்கேற்பப் புதுப்பிக்க முடியும் என்று ஒஸ்லோவுக்கு அருகே ஷெர்பூவில் 2014இல் காட்டினார்கள். புதிதாகக் கட்டுவதைவிட இதையே நான் பெரிய சாதனையாக மதிக்கிறேன்.

இன்னொருவர் கட்டிய கட்டடத்தோடு சேர்த்துக் கட்டும்போது பழையதை மதிக்கிறார்களா?

எப்போதும் அல்ல. சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தை கட்டடக் கலைஞர் மாரியோ போட்டா 1995இல் செங்கல்லால் கட்டினார். அதன் பின்புறம் ஸ்னோஹெத்தா எழுப்பிய பத்து மாடி வெண்கட்டடம் 2016இல் திறந்தது. நாரிழைப் பலகைகள் 700க்கு மேல், ஒவ்வொன்றும் வேறு வளைவு, நீர்ப்பரப்புப் போல் சுருங்கித் தெரியும். அதைச் செய்யும்போது போட்டாவின் முன்மண்டபத்தில் இருந்த கனமான கருங்கல் படிக்கட்டை அகற்றிவிட்டு, வெளிர்மரப் படிக்கட்டை வைத்தார்கள். அந்தப் பழைய படிக்கட்டுத்தான் மண்டபத்தின் உயிர் என்று வருந்தியவர்கள் பலர். அவர்கள் பக்கமே நானும். மறுபுறம், தரைத்தளத்தில் கட்டணமில்லாத காட்சிக்கூடம் ஒன்றைத் தெருவைப் பார்க்கும் கண்ணாடிச் சுவரோடு அமைத்தார்கள். ஓபராக் கூரையின் எண்ணம் இங்கே தெருமட்டத்தில் வேறு வடிவில் வந்திருக்கிறது.

பிரான்ஸில் குகை ஓவியத்தின் பிரதியைக் காட்டக் கட்டினார்களே, போலியைப் பார்க்க ஏன் போகவேண்டும்?

லாஸ்கோ குகை 1940இல் கண்டுபிடிக்கப்பட்டது. பார்வையாளரின் மூச்சும் உடல் வெப்பமும் ஓவியங்களைக் கெடுத்ததால் 1963இல் மூடினார்கள். அசலைப் பார்க்கும் வழி பொதுமக்களுக்கு இல்லை. ஆகவே பிரதியா, ஒன்றுமே இல்லையா என்பதே கேள்வி. 2016இல் திறந்த கட்டடம் மலையடிவாரத்தில் ஒரு கீறலைப்போல் தாழ்ந்து கிடக்கிறது. முதலில் வெளிச்சத்தில் மேலே ஏற்றி, காட்டோரமாக நடக்கவைத்து, பிறகுதான் குளிர்ந்த இருண்ட பிரதிக் குகைக்குள் இறக்குகிறார்கள்.

எல்லோருக்கும் திறந்த கட்டடம் என்று பேசுபவர்கள் வசதியானவருக்கான உணவகத்தையும், மன்னராட்சி நடக்கும் சவூதியில் எண்ணெய் நிறுவனத்தின் பண்பாட்டு மையத்தையும் ஏன் கட்டினார்கள்?

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் மிகக் கடினமானது இது. கடலடி உணவகம் விலை உயர்ந்தது, சில பத்துப் பேருக்கே இடமுண்டு. ஓபராக் கூரையின் கொள்கையை அங்கே காணமுடியாது. கடல் ஆய்வுக்கும் அது பயன்படுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் அங்கே உண்ண வசதியில்லாதவருக்கு அந்தச் சாளரம் மூடியே இருக்கிறது. கட்டடக்கலை நிறுவனம் கேட்பவருக்குக் கட்டிக்கொடுத்துத்தான் வாழ்கிறது. அவர்களுடைய சிறந்த கட்டடத்தின் கொள்கையை எல்லாக் கட்டடங்களுக்கும் ஏற்றிப் புகழ்வது நம்முடைய பிழையாகிவிடும்.

தஹ்ரானில் சவூதி அரம்கோவுக்காகக் கட்டிய மன்னர் அப்துல் அசீஸ் மையம் வேறு வகையானது. கூழாங்கற்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வைத்தது போன்ற வடிவம். மேற்பரப்பைச் சுற்றி ஏறத்தாழ 350 கிலோமீற்றர் நீளத்துக்குத் துருப்பிடிக்காத உருக்குக் குழாய்களை ஒட்ட ஒட்ட வளைத்திருக்கிறார்கள். உள்ளே சில சுவர்கள் அந்நாட்டுப் பழைய முறையில் இடித்து இறுக்கிய மண்ணால் ஆனவை. நூலகமும் அரங்கும் அருங்காட்சியகமும் இருக்கின்றன, ஊர்மக்கள் வருகிறார்கள். ஒரு நாட்டில் நூலகம் கட்டினால் அந்நாட்டு ஆட்சியை ஏற்றுக்கொண்டதாகிவிடுமா என்று கேட்டால், இல்லை என்பேன். எகிப்திலும் அவர்கள் கட்டியபோது மக்களாட்சி நடக்கவில்லை. கொடுக்கும் கை தன் பெயரை மினுக்கிக்கொள்ள அந்தக் கட்டடம் உதவுமா என்று கேட்டால், உதவும் என்றே சொல்லவேண்டும். இரண்டு பதில்களையும் பிள்ளைகளிடம் சொல்கிறேன். ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பதில்லை.